ஒன்றரை அங்குலம்

என் நாத்தனாருக்கு இடது கால் வலது காலைவிட ஒன்றரை அங்குலம் குட்டை. அவளைப் பற்றிப் பேச்செடுக்கிறவர்கள் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். நானும் அப்படியே தொடங்கிவிட்டேன், பாருங்கள்.

பிறவிக் குறை இல்லை அது. ஒன்பது வயதில் பள்ளிக்கூட மாடிப்படியில் உருண்டு விழுந்து தொடை எலும்பு உடைந்தது. பெரிய மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கட்டைப் பிரித்தபோது எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தால் நேராகிவிடும், பதினைந்து வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், அதைத் தாண்டினால் கஷ்டம் என்று டாக்டர் ஒரு சீட்டில் எழுதி, எவ்வளவு ஆகும் என்பதையும் கீழே குறித்துக் கொடுத்தார். என் மாமனார் அந்தச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "கையில ஏது?" என்றாராம். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த வீட்டில் எந்தப் பேச்சும் அந்த இரண்டு சொல்லோடு முடிந்துவிடும். மாமனாருக்குக் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் குறிக்கிற வேலை. தெருத்தெருவாக நடந்து, வீட்டுக்கு வீடு குனிந்து, பெட்டி மூடியைத் தூக்கிப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டு போவார். முப்பத்தாறு வருடம் நடந்த மனிதர் பஸ்ஸில் ஏறிய நாட்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். சட்டைக் காலர் நைந்தால் பிரித்து மறுபக்கம் திருப்பித் தைத்துப் போட்டுக்கொள்வார். ஓர் அறையில் விளக்கு எரிந்தால் அடுத்த அறையில் எரியக் கூடாது. பள்ளிக்கூடச் சுற்றுலாவா? கையில ஏது. மாமியாருக்குக் கண்ணாடியா? கையில ஏது. மாமியார் அதைக் கேட்டுக் கேட்டே காலத்தைத் தள்ளிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பாவம் ஏழை, என்ன செய்வார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நான்கூட அவருக்காகச் சில நாள் இரக்கப்பட்டிருக்கிறேன். அந்த இரக்கத்தை இப்போது திருப்பிக் கேட்க முடிந்தால் கேட்பேன்.

என் வீட்டுக்காரர் நாத்தனாருக்கு நான்கு வயது மூத்தவர். பதினாறு வயதில் படிப்பை விட்டுப் பல்செட்டு கட்டுகிற பட்டறையில் சேர்ந்தார். இன்றைக்கும் அதே தொழில்தான். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவர் மாவில் வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, ரோஸ் நிற ஈறு வைத்துத் திருப்பி அனுப்புவார். கல்யாணமாகி நான் வந்தபோது முன்னறை அலமாரியில் நாற்பது தாடைகள் வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தன. அந்த வீட்டில் சிரித்தவை அவை மட்டும்தான் என்பது பிறகு தெரிந்தது. முன்னறையைப் பட்டறையாக வைத்திருப்பதற்கு மாமனார் சொந்த மகனிடமே வாடகை கேட்டார். நான் பொறுப்பேனா? இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துக்கொண்டு வந்துவிட்டோம்.

அப்படியும் இவர் அப்பாவுக்கு ஒரு பல்செட்டு கட்டிக் கொடுத்தார், இனாமாக. அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்துவிட்டு, கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்துவிட்டார் மாமனார். "தினம் போட்டா தேஞ்சுடும்" என்றார். போட்டோ எடுக்கும்போது மட்டும் வெளியில் வரும். மற்ற நாளெல்லாம் குழையக் குழைய வேகவைத்ததை ஈறால் மென்று தின்றார். ஆக்கிப் போட்டவள் நாத்தனார்.

அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். செருப்புத் தொழிற்சாலையில் அவளுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஜோடி மேசை என்பார்கள். ஒரு பக்கம் இடது கால், ஒரு பக்கம் வலது கால் என்று இரண்டு குவியலாக வந்து விழும். இரண்டையும் கையில் எடுத்து, நிறம் ஒத்துப்போகிறதா, தையல் ஒரே உயரத்தில் இருக்கிறதா, அடிப்பாகம் ஒரே கனமா என்று பார்த்து ஜோடி சேர்த்துப் பெட்டியில் வைக்க வேண்டும். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஒரு நாளைக்கு எழுநூறு ஜோடி. அங்கே அவளுக்கு 'ஜோடியக்கா' என்று பெயர். ஊருக்கெல்லாம் ஜோடி சேர்த்து வைக்கிற அக்காவுக்கு ஒரு ஜோடி அமையலையே என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள். பெண் பார்க்க வந்தவர்கள் மூன்று பேர், அவள் நடந்து வந்ததைப் பார்த்ததும் எழுந்து போனவர்கள் மூன்று பேர். அதன் பிறகு யாரையும் வரச் சொல்லாதே என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாள்.

அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். அதற்கு ஒரு கதை உண்டு. பட்டறையில் சேர்ந்த புதிதில், வேலை முடிந்து மிச்சமாகிற ரோஸ் நிற ஈறுப் பொருளை இவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்து, தங்கையின் இடது செருப்புக்கு அளவெடுத்து, ஒன்றரை அங்குல உயரத்தில் ஒரு கட்டை வார்த்து ஒட்டிக் கொடுத்திருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு வயதுப் பெண் முதல்முறையாகச் சாயாமல் நடந்தாளாம். எட்டாம் நாள் அது இரண்டாக உடைந்தது. பிறகு தொழிற்சாலையில் தக்கையும் ரப்பருமாக நல்ல கட்டைகள் கிடைத்தன. ஆனாலும் அந்த உடைந்த ரோஸ் துண்டுகளை அவள் எறியவில்லை. என் கல்யாணத்தின்போது எனக்கு எடுத்துக் காட்டி, "பாத்துக்குங்க அண்ணி, எப்படிப்பட்ட ஆளுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கீங்கன்னு" என்றாள்.

மாமனார் எண்பத்தொரு வயதில் தூக்கத்திலேயே போனார். பல்செட்டை நான்தான் டப்பாவிலிருந்து எடுத்து மாட்டிவிட்டேன். புத்தம் புதிதாக இருந்தது.

மூன்றாம் வாரம் ஒரு வக்கீல் கூப்பிட்டு அனுப்பினார். மாமனார் வைத்துவிட்டுப் போன கடன் ஏதாவது இருக்குமோ என்று பயந்துகொண்டு நாங்கள் மூவரும் போனோம். வக்கீல் மேசைமேல் சணல் கயிற்றால் கட்டிய பாஸ்புக்குக் கட்டு இருந்தது. பத்தொன்பது. சம்பளத்தில் பாதிக்கு மேல் சேமிப்பு. ஊருக்கு வெளியே சல்லிசாக வாங்கிப் போட்ட இரண்டு மனை, தொழிற்சாலை வந்தபோது விற்ற பணம், அதன் மேல் வட்டி, வட்டிக்கு வட்டி. தொகையை இங்கே சொல்ல மாட்டேன். எட்டு இலக்கம். அந்த ஆபீஸ் தண்ணீரை இரண்டு தம்ளர் குடித்தேன்.

வக்கீல் உயிலை வாசித்தார். மாமனார் தன் கைப்பட எழுதியது. "கால் ஊனமுற்றவளாக இருப்பதாலும், அவளைக் கைக்கொள்ள யாரும் முன்வராததாலும், என் சேமிப்பில் நான்கில் மூன்று பாகம் என் மகளுக்கு. மீதி ஒரு பாகம் என் மகனுக்கு. இருவரும் இந்த உயிலை ஏற்பதாக ஒன்றாகக் கையெழுத்திட்ட பிறகே பணம் பிரிக்கப்பட வேண்டும்."

நாத்தனார் கையை நீட்டினாள். பாஸ்புக்குக் கட்டை இழுத்து, கயிற்றை அவிழ்த்து, தான் விழுந்த வருடம் பார்த்து ஒன்றை எடுத்தாள். அதற்குள்ளிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. டாக்டர் கொடுத்த அதே சீட்டு. முப்பத்தெட்டு வருடமாக அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார் மனிதர். இடது கையில் சீட்டு, வலது கையில் பாஸ்புக். மேசையில் செருப்பு பார்ப்பதைப் போலவே இரண்டையும் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். சீட்டில் இருந்த தொகையைப் போல நான்கு மடங்கு அந்த மாதம் கணக்கில் இருந்தது.

"சார், காலு ஏன் ஊனமாச்சுன்னு அதுல எழுதலையா?" என்று வக்கீலைக் கேட்டாள்.

"அதெல்லாம் உயில்ல வராதும்மா."

"ஊனமா இருக்கறதாலன்னு இருக்கறதை அடிச்சிட்டு, வைத்தியம் பாக்காம விட்டதாலன்னு எழுதுங்க. நான் இப்பவே கையெழுத்துப் போடறேன்."

இறந்தவர் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்று வக்கீல் பொறுமையாகச் சொன்னார். அப்படியானால் கையெழுத்தும் இல்லை என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். படியில் அவள் இறங்குகிற சத்தம், ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் லேசாக, கீழே போகிறவரைக்கும் கேட்டது. என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கவே இல்லை. முகம் செத்துப்போயிருந்தது.

பணத்தை என்ன செய்வது என்று தெருவுக்கே யோசனை இருந்தது. வீடு வாங்கச் சொன்னாள் பக்கத்து வீட்டுக்காரி. கடைகள் கட்டி வாடகைக்கு விடச் சொன்னார் தொழிற்சாலை மேற்பார்வையாளர். இதுவரை எட்டிப் பார்க்காத ஒன்றுவிட்ட உறவுக்காரர்கள் பழத்தோடு வந்தார்கள். நாத்தனார் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போனாள், எலும்பு டாக்டரிடம். அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் செய்திருக்க வேண்டியது, இனிமேல் தொட்டால் இருக்கிற நடையும் போய்விடும் என்றாராம். அதை என்னிடம் சொன்னபோது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் மாமனாரின் போட்டோவைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது. பல்செட்டோடு சிரித்துக்கொண்டிருக்கிற போட்டோ.

ஆனால் என் வயிற்றில் வேறொரு நெருப்பும் எரிந்துகொண்டிருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? என் மகளுக்குக் கட்டடக் கலை படிக்க இடம் கிடைத்திருந்தது. இருபத்தெட்டாம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். எங்கள் கால் பங்கு போதும், தாராளமாகப் போதும். அவள் கையெழுத்துப் போட்டால்தான் அதுவும் வரும். பத்து நாள் போனது. பதினைந்து நாள் போனது. மகள் காலண்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் பட்டறையில் இவர் கீழ்த்தாடைப் பல்செட்டு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து டாக்டர்களுக்குப் போக வேண்டிய பெட்டிகளில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லுங்களேன். உங்க பேச்சை அவ தட்ட மாட்டா" என்றேன்.

"நான் எந்த முகத்தோட போய்ச் சொல்றது?"

"ஏன், உங்க முகத்துக்கு என்ன? உங்க பங்கையும் சேத்துத்தானே நிறுத்தி வச்சிருக்கா."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் சொன்னார். "அந்த பாஸ்புக்கை நான் அப்பவே பாத்திருக்கேன்."

நான் சுவிட்சை அணைத்தேன்.

"அவ விழுந்த வருஷம். அப்பாவுக்கு நேரமில்லை, வரவு பதிஞ்சிட்டு வாடான்னு என்கிட்ட குடுத்து அனுப்பினார். பேங்க் ஜன்னல்கிட்ட நின்னு பிரிச்சுப் பாத்தேன். அந்தச் சீட்டு உள்ளதான் இருந்தது."

"அப்பவே அம்மாகிட்ட சொல்றதுக்கு என்ன?"

"அப்பாகிட்டயே கேட்டேன். அது ஆபீஸ் பணம், வெளியில தெரிஞ்சா என் வேலை போயிடும், எல்லாரும் தெருவுல நிப்போம்னார். பதிமூணு வயசு எனக்கு. நம்பிட்டேன்."

"எத்தனை வயசு வரைக்கும் நம்பினீங்க?"

கையிலிருந்த பல்செட்டைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். "பதினாறு வரைக்கும்."

நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். இவருக்குப் பதினாறு என்றால் அவளுக்குப் பன்னிரண்டு. டாக்டர் கொடுத்த கெடுவில் இன்னும் மூன்று வருடம் பாக்கி இருந்திருக்கிறது.

"அப்புறம் எப்படிச் சொல்றது? மூணு வருஷமா ஏன் வாயைத் திறக்கலைன்னு கேப்பாளே. தள்ளிப் போட்டேன். அஞ்சு வருஷமாச்சு. பத்து வருஷமாச்சு. அந்த ரோஸ் கட்டையைக்கூட அந்தப் பதினாறு வயசுலதான் செஞ்சேன். தூக்கம் வரலை எனக்கு, அதான் செஞ்சேன்."

இன்னொரு காரணமும் இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்றைக்காவது அந்தப் பணம் மகன் என்ற முறையில் தன்னிடம்தானே வரும் என்று அந்தப் பதினாறு வயசுக்குத் தோன்றியிருக்காதா? நானாக இருந்தால் எனக்குத் தோன்றியிருக்கும். இருபத்திரண்டு வருடம் ஒரே பாயில் படுத்த மனிதரை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். அருவருப்பாக இருந்தது. அழுதுகொண்டிருந்தார், அதைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டையும் மென்று விழுங்கிவிட்டு மெஷினைப் போட்டுவிட்டேன். அந்தப் பல்செட்டு மறுநாள் காலை போயாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரைப் பார்க்கப் போனேன். நடந்ததை அவளிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன் என்று எழுத ஆசைதான். பொய். கையெழுத்து வாங்கத்தான் போனேன். தேதி இருபத்து மூன்று.

பட்டப்பகலில் அந்த வீட்டில் எல்லா அறையிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குளியலறையில்கூட. அவள் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. நானே வரணும்னு இருந்தேன். குட்டிக்குக் காலேஜ் பணம் எப்ப கட்டணும்?"

"இருபத்தெட்டு."

"நாளைக்கே போய்க் கையெழுத்துப் போட்டுடலாம். அண்ணனையும் வரச் சொல்லுங்க."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் என்னென்னவோ சொல்லிக் கெஞ்சத் தயாராக வந்திருந்தேன்.

"எவ்வளவோ யோசிச்சேன் அண்ணி. வாங்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். என் காலுக்கு அப்பா வெலை போட்டு வச்சிருக்காரு. அதை வாங்கித் தின்னா தொண்டையில இறங்குமா? ஆனா வேணாம்னு விட்டா யாருக்கு நஷ்டம்? குட்டிக்குத்தான். அண்ணனுக்குத்தான்." காகிதத்தை என்னிடம் நீட்டினாள். "அவர் எழுதினதை மாத்த முடியாது, ஆனா என் கைக்கு வந்தப்புறம் நான் என்ன வேணா எழுதலாம்னு வக்கீல் சொன்னார். அதான் எழுதச் சொன்னேன். காரணமும் போடச் சொன்னேன். அப்பா காரணம் போட்டாரில்ல?"

தானப் பத்திரம். அவளுக்கு வருகிற மூன்று பாகத்தில் இரண்டு பாகம் அண்ணனுக்கு. காரணம் என்று ஒரு வரி, டைப் அடித்து, அடிக்கோடு போட்டு: "என் கால் உடைந்த நாள் முதல் என்னிடம் உண்மையாக இருந்தவர் இவர் ஒருவரே என்பதால்."

எழுத்துகள் கலங்கின. இரண்டாம் முறை படிப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கையில இருந்தும் இல்லைன்னார் அப்பா. கையில ஒண்ணுமில்லாம செஞ்சு குடுத்தான் அண்ணன். இத்தனை நாளா அதை நெனச்சுத்தான் நான் பைத்தியம் பிடிக்காம இருக்கேன், தெரியுமா? அன்னைக்கு வக்கீல் ஆபீஸ்ல பாஸ்புக்கைப் பாத்ததும் அண்ணன் முகம் எப்படிச் செத்துப்போச்சு. நீங்களும் பாத்தீங்கதானே?"

அந்த ஒரு நொடி என்னிடம் இருந்தது. ஒரே வாக்கியம், பத்து வார்த்தைகூட இல்லை. சொன்னால் அவளுக்கு இருக்கிற ஒரே மனிதனும் போவான். அதற்காகத்தான் சொல்லவில்லை என்று பிறகு எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்தேன். ஆனால் அந்த நேரத்தில் என் கண்ணுக்குள் நின்றது இருபத்தெட்டாம் தேதிதான்.

"பாத்தேன்" என்றேன்.

மறுநாள் கையெழுத்து முடிந்தது. தானப் பத்திரத்தை வக்கீல் சத்தமாக வாசித்தபோது என் வீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். நாத்தனார் எழுந்து வந்து தன் புடவைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். இப்படி ஒரு அண்ணன் தங்கையைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று வக்கீலும் கண்ணாடியைக் கழற்றினார். நான் பேனாவை எடுத்து இவர் கையில் கொடுத்து, எங்கே போட வேண்டும் என்று விரலால் காட்டினேன்.

இருபத்தேழாம் தேதியே பணம் கட்டினோம். மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். வீடு சொந்தமாகிவிட்டது, பட்டறைக்குப் புது மெஷின் வந்துவிட்டது. நாத்தனார் வேலையை விடவில்லை. உட்கார்ந்து தின்றால் அப்பா நினைப்பு வருகிறது என்கிறாள். இன்றைக்கும் எழுநூறு ஜோடி.

தனக்கென்று அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அண்ணா, அதே ரோஸ்ல எனக்கு ஒரு கட்டை செஞ்சு குடேன். இப்ப உடையாம செய்யத் தெரியும்ல உனக்கு?" இவர் மூன்று நாள் அவள் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் வார்த்தார். உள்ளே கம்பி வலை வைத்து, பளபளவென்று மெருகேற்றி, ஒன்றரை அங்குலம், நூல் பிசகாமல். அதைப் போட்டுக்கொண்டு தொழிற்சாலை முழுக்கக் காட்டிவிட்டு வந்தாளாம்.

தக்கைக்குச் சத்தம் கிடையாது. இது கல் மாதிரி, தரையில் பட்டால் டக்கென்று கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவாள். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிடுகிறோம்.